வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஊர்

ஆலடிக்குடியிருப்பில் இனி அம்மை நோய் கிடையாது என்று அம்மைத் தடுப்பு இலாகா தீர்மானம் போட்ட அன்று, அந்த ஊரில் மூன்று பேருக்கு அம்மை போட்டிருந்தது.

1931ஆம் வருஷம், ஆனி மாதம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, ரோட்டைவிட்டு இறங்கி வரப்பில் நடந்தால் வரும் நாற்பது வீட்டுக் குடியிருப்பு அது. அதன் தலையாரியான கடற்கரை என்பவன், மூன்று பேருக்கு அம்மை கண்டிருப்பதாக மணியக்காரர் எழுதிய காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு, சாரலில் நனைந்தபடி குற்றாலத்துக்கு நடந்தான்.

அவனுக்கு இதில் தனியாக ஒரு வேதனை இருந்தது. பங்குனியில் ஊரையே அம்மை குத்திக்கொள்ள வைத்தவன் அவன்தான்.

அதற்கு முன்பு அந்த ஊர் ஊசிக்குக் கை நீட்டியதில்லை என்று சொல்ல முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீட்டியது. அப்போது ஊசி போட வந்தவர் களையெடுப்பு நாளாகப் பார்த்து வந்து, பெண்களை வயலிலிருந்து கூப்பிட்டு, ஒரே ஊசியை முப்பது பிள்ளைகளுக்கு ஏற்றி, அழுத பிள்ளைகளை 'சனியனே' என்று வைதுவிட்டுப் போனார். இரண்டு பிள்ளைகளுக்குக் கை சீழ் பிடித்தது. ஊர் அதை மறக்கவில்லை. இலாகாவுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் இலாகா, 'ஜனங்களே, அறியாமை இருளை விட்டு வெளிவருவீர்' என்று அச்சடித்த நோட்டீஸை ஆலமரத்தில் ஒட்டியது. வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரும் வெளியூர் போயிருந்தார்கள். பசை நன்றாக இருந்தபடியால் நோட்டீஸை ஆடுகள் தின்றன.

பங்குனியில் புதிதாக அருமைநாயகம் என்பவர் ஊசிப் பெட்டியோடு வந்தபோது, ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. "அம்மா வரணும்னா வருவா. அவ என்ன ஊசியக் கண்டு ஓடுத சின்னப்பிள்ளையா?" என்றாள் ஆவுடைத்தாய். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். அவள் சொன்னால் அந்தத் தெருவில் பத்து வீடு கேட்கும்.

கடற்கரை நோட்டீஸ் பேசவில்லை. தன் முகத்தைக் காட்டினான். நெற்றியிலிருந்து கழுத்துவரை அம்மைத் தழும்பு. "மதினி, எனக்கு இது. என் தம்பிக்கு அதுவும் இல்ல, போயிட்டான். தென்காசியில வண்டிக்கார அப்துல் ஜப்பார் வீட்ட நான் கண்ணால பாத்தேன். ஒரே பாயில படுத்த நாலு பிள்ளையில குத்தாத பிள்ளைக்கு மட்டும் போட்டுச்சு. குத்துன மூணும் வெளையாடிட்டுத் திரியுது." அப்புறம் தன் இரண்டு வயது மகள் முப்பிடாதியை மடியில் உட்காரவைத்து முதல் கையை அவனே நீட்டினான். ஆவுடைத்தாய் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகள் வடிவையும், மகன் சுந்தரபாண்டியனையும் முன்னே தள்ளிவிட்டாள். அவ்வளவுதான், பொழுது சாய்வதற்குள் எண்பத்து மூன்று கைகள்.

எந்தக் கையும் வீங்கவில்லை, காய்ச்சல் இல்லை. 'இந்த ஊசி எவ்வளவு நல்ல ஊசி' என்று ஊர் மெச்சியது. கடற்கரையும் மெச்சினான்.

இப்போது வடிவுக்கு உடம்பெல்லாம் முத்து.

*

சீசன் தொடங்கியதும் இலாகா குற்றாலத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். அதற்கு நியாயமான காரணம் உண்டு. சென்னையிலிருந்து கண்ணாடிக் குழாய்களில் வரும், ஊசியில் தொட்டுக் குத்துகிற அம்மைப்பாலைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பது விதி. ஜில்லாவில் குளிர்ச்சியான இடம் குற்றாலம். ஆகவே பாலுக்காகக் குற்றாலத்தில் ஒரு பங்களா எடுத்தார்கள். பங்களாவைப் பாலை நம்பித் தனியே விட முடியாது என்பதால் அதிகாரிகளும் கூடப் போனார்கள். ஆனால் பங்களா சீசனில்தான் திறக்கும். மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் வரும் பால், தென்காசியில் இலாகாவின் தகரக் கொட்டகையிலேயே இருந்து, சீசனை எதிர்பார்க்கும்.

பங்களாத் தாழ்வாரத்தில் ஹெட் கிளார்க் நமசிவாயம் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னலே, ஆலடிக்குடியிருப்பா? ஒங்க ஊருக்குத்தான் நற்சாட்சிப் பத்திரம் எழுதிட்டிருக்கேன். நூத்துக்கு நூறு. ஜில்லாவுலயே ஒங்க ஊருதான்."

"எசமான், ஊர்ல மூணு பேருக்கு அம்மை போட்டிருக்கு."

நமசிவாயம் பேனாவை வைத்துவிட்டுப் பேரேட்டைப் புரட்டினார். "யாருக்கு?"

"மொதல்ல ஆவுடைத்தாய் மக வடிவுக்கு."

"வடிவு, வயசு பன்னிரண்டு. பங்குனி பதினாறு, குத்தியாச்சு. இருபத்துநாலு, பார்வையிட்டாச்சு. 'நன்கு பொங்கியது'ன்னு எழுதியிருக்கு. பொறவு எப்படிலே வரும்?"

"வந்திருக்குங்களே எசமான்."

"வந்திருக்கலாம். வர வழியில்லலா? நீயே யோசிச்சுப் பாரு." அவர் குரலில் கோபமே இல்லை, கணக்குத் தெரியாத பிள்ளையிடம் பேசுகிற பொறுமைதான் இருந்தது. மணியக்காரர் எழுதிய காகிதத்தை வாங்கி, 'அம்மை' என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்து, மேலே 'சூட்டுக் கொப்புளம்' என்று திருத்தி வைத்துக்கொண்டார். வெளியே சாரல் ஓட்டில் சளசளவென்று கொட்டியது.

தாழ்வாரத்தின் கோடியில் அருமைநாயகம் நின்றிருந்தார். கடற்கரையைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"கடற்கரை, யாருக்கு வந்திருக்கு? வடிவுக்கா?" என்றவர் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்லுதேன், சத்தம் போடாத. அந்தப் பால் கொட்டகையில இருபத்திரண்டு நாள் கெடந்தது. எட்டாம் நாள் நான் வந்து பாத்தேன்லா? கொப்புளம் கட்டி, வீங்கி, பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் அடிச்சாத்தான் ஊசி பலிச்சதுன்னு அர்த்தம். ஒங்க ஊர்ல ஒரு கையும் பொங்கல."

"பொங்குச்சுன்னு எழுதியிருக்கே ஐயா?"

"பொங்கலன்னு எழுதினா, பொங்குத மாதிரிக் குத்தத் தெரியாதவன்னு என்னை எழுதுவாங்க. எனக்கு முன்னால ரெண்டு பேர் அப்படித்தான் வீட்டுக்குப் போனாங்க. பால் கெட்டுதுன்னு எழுத பேரேட்டுல எடமே கெடையாது."

நோவே இல்லாத நல்ல ஊசி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தது கடற்கரையின் வாய்தான்.

*

அப்போது உள்ளேயிருந்து மணி அடித்தது. ஜனங்கள் அம்மை குத்திக்கொள்ள ஆட்சேபிப்பதன் காரணங்களை ஆராயும் கமிட்டி அன்று கூடியிருந்தது. காலையில் பேரருவிக் குளிப்புக்கும் மாலையில் ஐந்தருவிக் குளிப்புக்கும் நடுவே அது வேலை செய்யும். ஜனங்களின் காரணத்தை ஆராய ஒரு ஜனம் வேண்டும் என்று தலைவருக்குத் தோன்றியதாலும், தாழ்வாரத்தில் கடற்கரை மட்டுமே இருந்ததாலும், அவனை உள்ளே விட்டார்கள்.

நீள மேஜை. ஜில்லாப் படத்தின்மேல் மங்குஸ்தான் தோல் குவிந்திருந்தது. நடுவில் கமிட்டித் தலைவரான விசேஷ அதிகாரி நாறும்பூநாதன், தலை ஈரம் காயாமல், தோளில் சால்வையோடு இருந்தார்.

"நீ ஏன் அம்மை குத்திக்கொள்ள மறுக்கிறாய்?"

"நான் மறுக்கலீங்க எசமான். ஊரே குத்திக்கிட்டோம்."

"மறுக்காதவனை இந்தக் கமிட்டி எப்படி விசாரிக்கும்?" என்றார் ஓர் அங்கத்தினர், வருத்தத்தோடு.

"போகட்டும். மறுப்பதாக வைத்துக்கொள்" என்றார் அதிகாரி. "இதோ நாலு காரணம்: மூடநம்பிக்கை, அறியாமை, வதந்தி, பிடிவாதம். உனக்கு எது?"

கடற்கரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வடிவு வாழையிலையில் கிடப்பது கண்ணில் வந்தது. அருமைநாயகத்தைக் காட்டிக்கொடுக்காமல் கேட்க வேண்டும். "எசமான், பாலு கெட்டுப் போயிருந்து, அதுனால ஊசி பலிக்காம, அதப் பாத்துச் சனங்க பயந்தா அது எந்தக் காரணம்?"

நாறும்பூநாதன் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் பிரசங்கம் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதுகிறவர் புதுத் தாள் எடுத்தார்.

"கனவான்களே, பாருங்கள். இவன் ஜனங்களைப் பற்றிக் கேட்டால் இலாகாவைப் பற்றிப் பேசுகிறான். இலாகாவில் காரணம் இருக்கிறதா என்று ஆராய இலாகா நம்மை நியமிக்கவில்லை. பதினோரு வருஷமாக நான் இந்த ஜனங்களின் மனத்தை ஆராய்கிறேன். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு கிராமத்துக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. ஏன்? நேரில் பார்த்தால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் ஆராய்ச்சி கெடும். அவர்கள் நம்மை ஏன் நம்பவில்லை என்று கேட்கிறோம். நான் கேட்கிறேன்: நம்புவதற்கு அவர்கள் யார்? கீழ்ப்படிந்தால் போதாதா?"

கைதட்டினார்கள். கடற்கரையும் எல்லோரும் தட்டுகிறார்களே என்று தட்டினான். தட்டிவிட்டு, "எசமான், புதுப் பால் இருந்தா எங்க ஊருக்கு இன்னொரு வாட்டி..." என்றான்.

"ஊசி பலித்தவனுக்கு ஏழு வருஷத்துக்கு மறு ஊசி கிடையாது. விதி. உன் ஊர் நூற்றுக்கு நூறு பலித்த ஊர். சந்தோஷமாகப் போ."

வெளியே நமசிவாயம் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவன் நின்ற நிலை அவருக்கும் என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏலே, புதுப் பால் உள்ள அலமாரியில இருக்கு. ஆனா அது மறுக்குதவங்களுக்கு. மறுத்தவன் மேல கேஸ் நடத்தணும்னா, ஊசி பலிக்குதுன்னு கோர்ட்டுல காட்டக் கை நல்லாப் பொங்கணும்லா, அதுக்காக நல்ல பால அவங்களுக்குன்னு ஒதுக்கிருக்கு. ஒங்க ஊரு எங்களுக்கு ஊசி வேண்டாம்னு எழுதிக் குடுக்கட்டும். போலீஸோட வந்து குத்திருவோம்."

"வேணும்னு எழுதிக் குடுத்தா?"

"வேணும்னு எழுத ஃபாரம் இல்லலே."

*

ஆலமரத்தடியில் ஊரைக் கூட்டி, கடற்கரை உள்ளதை உள்ளபடி சொன்னான். அருமைநாயகம் பேரை மட்டும் சொல்லவில்லை. முதலில் பேசியது அவன் மனைவி குருவம்மாள்.

"அப்பம் பங்குனியில எம் பிள்ளைக்குக் குத்துனது என்னது?"

"செத்த பாலு."

"தெரிஞ்சா குத்துனாவ?"

குருவம்மாள் முப்பிடாதியை இறுக்கிக்கொண்டு, "வேண்டாம்னு எழுதணும்னா மொதல்ல என் கையப் புடிச்சு வையுங்க" என்றாள்.

மற்றவர்களிடம் அவ்வளவு லேசாக நடக்கவில்லை. "குத்தியும் வந்துட்டே, இன்னும் என்ன குத்து?" என்றார்கள் பாதிப் பேர். போன தடவை நம்பினார்கள். நம்பினதுதான் தப்பு என்று இப்போது தெரிந்திருந்தது. அவர்களும் ஓடிவந்து கைநாட்டு வைத்தார்கள். ஆக முப்பத்தெட்டு வீட்டுப் பெருவிரல் காகிதத்தில் விழுந்தது. பதினெட்டு வீடு, ஊசி வேண்டும் என்பதற்காக வேண்டாம் என்று வைத்தது. இருபது வீடு, வேண்டாம் என்பதற்காகவே வேண்டாம் என்று வைத்தது. காகிதத்தில் எல்லா விரலும் ஒரே கறுப்பு.

ஆவுடைத்தாய் வரவில்லை. கடற்கரை அவள் வாசலுக்குப் போனான். நிலையில் வேப்பங்குலை. வெளியே நின்றபடியே, "மதினி, சுந்தரபாண்டியனுக்காவது இந்தத் தடவ..." என்று தொடங்கினான்.

உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "பங்குனியிலயும் நல்லதுன்னுதான் சொன்ன. இன்னைக்கும் நல்லதுன்னுதான் சொல்லுத. ரெண்டும் ஒரே வாய்தானே தம்பி? நான் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கது?"

கடற்கரை சாரலில் நின்றுவிட்டுத் திரும்பினான்.

கைநாட்டு விழுந்த ஆறாம் நாள் வடிவு இறந்துபோனாள். குழி வெட்டியவர்களில் அவனும் ஒருவன். ஆவுடைத்தாய் மறுநாள் விடியுமுன் சுந்தரபாண்டியனைத் தூக்கிக்கொண்டு, பண்பொழியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இலாகாவின் பேரேட்டில் 'சூட்டினால் மரணம், ஒன்று' என்று ஏறியது. அன்று குற்றாலத்தில் மூன்றாவது நாளாக வெயிலே எட்டிப் பார்க்கவில்லை.

*

ஒன்பதாம் நாள் இலாகா வந்தது. ரோட்டில் ஒரு கார், அதன் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு தமுக்கு, அருமைநாயகம், பஞ்சில் பொதிந்த புதுக் குழாய்கள். நாறும்பூநாதன் கிராமத்துக்குள் கால் வைக்காத விரதத்தைக் காக்க, ஊரையே ரோட்டுக்கு வரவழைத்து, காரில் நின்றபடி பேசினார்.

"நூற்றுக்கு நூறு பெற்ற ஊர் ஒரே மாதத்தில் மறுக்கும் ஊராக மாறியது எப்படி? இதுதான் மூடநம்பிக்கையின் வேகம்! நீங்கள் இலாகாவை நம்பவில்லை. இலாகாவும் உங்களை நம்பவில்லை. ஆகவே நமக்குள் தகராறு இல்லை. இந்த ஊசி உங்கள் நன்மைக்கு. அதனால்தான் போலீஸாரை அழைத்து வந்திருக்கிறோம்."

தமுக்கு அடிக்கத் தொடங்கியதுமே, உண்மையாக மறுத்த இருபது வீடும் வரப்பில் இறங்கிச் சிற்றாற்றைத் தாண்டி அக்கரைக்கு ஓடிவிட்டது. எஞ்சியது பதினெட்டு வீடு. அவர்கள் வரிசையாக நின்று, கையை நீட்டினார்கள்.

அதிகாரியின் முகம் சுருங்கியது. "இவர்கள் மறுப்பவர்களா? மறுப்பவன் இப்படியா நிற்பான்? நமசிவாயம், இது ஏதோ சூழ்ச்சி. பாலைப் பெட்டியில் வையும்."

நமசிவாயம் கடற்கரையின் காதைக் கடித்தார்: "ஏலே, கொஞ்சமாவது திமிறச் சொல்லு."

முதலில் நின்றவள் குருவம்மாள். அவள் அழுவதுபோல் பாவனை பண்ணத்தான் வாயைத் திறந்தாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தத் திறப்பில் வெளியே வந்துவிட்டது. "ஏட்டி வடிவு, எம் மவளே" என்று மாரில் அறைந்துகொண்டு ரோட்டில் உட்கார்ந்தாள். பின்னால் நின்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். முப்பிடாதி வீறிட்டாள். போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்போது சரி" என்றார் நாறும்பூநாதன். "குத்துங்கள்."

அருமைநாயகம் குனிந்த தலை நிமிராமல் குத்தினார். ஒவ்வொரு கைக்கும் ஊசியைத் தீயில் காட்டினார். முப்பிடாதியின் கையைத் தொட்டபோது, "இது நல்ல பால், கடற்கரை" என்று முணுமுணுத்தார்.

மூன்று நாள் கழித்துக் கடற்கரைக்கு ஓர் உத்தரவு வந்தது. ஊரைத் தூண்டி ஊசி மறுக்கச் செய்த குற்றத்துக்காக அவனைத் தலையாரி வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். அத்தாட்சி, அவன் கொண்டுவந்து கொடுத்த முப்பத்தெட்டுக் கைநாட்டுக் காகிதம். கமிட்டிக்கு அது பெரிய உதவி. பதினோரு வருஷம் அகப்படாத ஐந்தாவது காரணம் அகப்பட்டது: 'தலையாரிகள்'. அறிக்கை அச்சுக்குப் போயிற்று. அக்கரைக்கு ஓடியவர்களில் நாலு வீட்டில் அம்மை போட்டிருந்த சமாச்சாரம் அதில் இல்லை. அதைக் கொண்டுபோய்ச் சொல்லத் தலையாரி இல்லை.

*

ஊசி போட்ட எட்டாம் நாள் முப்பிடாதிக்குக் காய்ச்சல் அடித்தது. கையில் கொப்புளம் முத்துப்போல் கட்டி, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. கடற்கரை அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பண்பொழிக்கு நடந்தான்.

செங்கோட்டைச் சாவடி தாண்டினால் திருவிதாங்கூர் ராஜ்யம்; பண்பொழி அதில்தான். வேறு சர்க்கார், வேறு பேரேடு. ஆவுடைத்தாய் அண்ணன் வீட்டு வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு உள்ளே போக எழுந்தாள். அவன் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அதே வாய்தானே. பிள்ளையின் மேல் கிடந்த துணியை விலக்கிக் கையைக் காட்டினான்.

அவள் நின்றாள். அருகில் வந்து ஒரு விரலால் வீக்கத்தின் ஓரத்தைத் தொட்டாள். முப்பிடாதி நோவில் சிணுங்கிக் கையை இழுத்துக்கொண்டாள்.

"காயுதா?"

"காலையிலேருந்து."

"வடிவுக்குக் கையில ஒண்ணுமே இல்ல" என்றாள் ஆவுடைத்தாய். "ஒரு கொசு கடிச்ச தடங்கூட இல்ல. நாந்தான் தெனம் எண்ணெய் தேச்சேன், எனக்குத் தெரியும்லா."

அதற்கு மேல் அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சற்றுப் பொறுத்து அண்ணன் வெளியே வந்தார். சாவடியில் வெள்ளிக்கிழமைதோறும் அம்மை குத்துகிற ஆள் வருகிறார், இன்று வெள்ளி, இவள் வந்த நாளாய் நானும் சொல்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறாள் என்று கடற்கரையிடம் முறையிட்டார். ஆவுடைத்தாய் இரண்டு பேரையும் பார்க்காமல் எழுந்து, மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். கடற்கரை பத்தடி தள்ளிப் பின்னால் போனான்.

சாவடியில் இருந்தவர் வயதானவர். மலையாளம் கலந்த தமிழ். ஊரைக் கேட்கவில்லை, முன்னே குத்தியதா என்று கேட்கவில்லை. "ஏது கை அம்மே?" என்று மட்டும் கேட்டார். ஆவுடைத்தாய் அவரிடம், "பால் எப்பம் வந்தது? எங்க வச்சிருந்திய? ஊசியச் சுட்டியளா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் கோபப்படாமல், ஈர மண்ணில் புதைத்திருந்த பானையைத் திறந்து காட்டினார். அவள் பானைக்குள் கைவிட்டுக் குளிர்ச்சியைப் பார்த்தாள். பிறகு சுந்தரபாண்டியனின் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

திரும்பி வரும்போது கடற்கரை பக்கத்தில் வந்து, "மதினி..." என்றான்.

"நீ சொல்லிக் குத்தல" என்றாள் அவள், முன்னே பார்த்தபடி. "இந்தப் பிள்ள கையப் பாத்துக் குத்துனேன்."

வீட்டு வாசலில் நின்று, முப்பிடாதிக்கு மட்டும் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளை குடித்து முடிக்கும்வரை கடற்கரை தெருவில் நின்றான். குடித்ததும் தூக்கித் தோளில் போட்டு, பொங்கிய கை வெளிப்பக்கம் வருகிற மாதிரி சரிசெய்துகொண்டு, வந்த வழியே நடந்தான்.